சாங்கியிலிருந்து கென்னடி வரை: ஒரு வெள்ளிக்கிழமையின் நீளம்

வியாழன் இரவு, சாங்கி

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திற்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திற்கும் இடையிலான வான்வழித் தூரம் 15,349 கிலோமீட்டர். இந்த எண்ணைச் சரிபார்க்கக் கணினி தேவையில்லை, ஒரு துண்டுக் காகிதம் போதும். சாங்கி ஏறக்குறைய 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் கென்னடி ஏறக்குறைய 74 பாகை மேற்குத் தீர்க்கரேகையிலும் இருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் 178 வருகிறது, அதாவது இரு நிலையங்களும் உலக உருண்டையின் நேர் எதிர்ப் பக்கங்களில் உள்ளன என்றே கொள்ளலாம். ஆகவே தீர்க்கரேகையை மறந்துவிட்டு, சாங்கியிலிருந்து நேர் வடக்கே துருவம்வரை ஏறி, மறுபக்கம் இறங்குவதாக எண்ணிக்கொண்டால் போதும். சாங்கியின் அட்சரேகை 1.36 பாகை, கென்னடியின் அட்சரேகை 40.64 பாகை, கூட்டினால் 42. அதை 180 இலிருந்து கழித்தால் 138 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்ற கணக்கில் 8,280 கடல் மைல், அதை 1.852 ஆல் பெருக்கினால் 15,335 கிலோமீட்டர் கிடைக்கிறது. அச்சில் உள்ள எண்ணுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, ஓடுபாதையை நோக்கிச் சுற்றி இறங்குவதில் கரைந்துபோகும் அளவுதான்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. உருண்டையின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், சாங்கியிலிருந்து புறப்படும் அந்த நூல் கம்போடியா, தாய்லாந்தின் வடகிழக்கு, லாவோஸ், சீனாவின் சிச்சுவான், மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, வட துருவத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் வளைந்து, கனடாவின் பனித்தீவுகள் வழியாக நியூயார்க்கில் வந்து விழும். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பமுடியாததாகத் தோன்றும். ஆயினும் இன்றிரவு நான் ஏறப்போகும் விமானம் அந்த நூல்வழியே போகப்போவதில்லை. மிகக் குறைந்த தூரமும் மிகக் குறைந்த நேரமும் ஒரே பாதையில் அமைவது நீண்ட பயணங்களில் அரிது. போதாக்குறைக்கு 2022க்குப் பிறகு பல நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்க்கின்றன. துருவப் பாதையில் போகும்போது வெளிக்காற்றின் கடுங்குளிரில் எரிபொருளின் வெப்பநிலையையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஜெட் ஏ-1 எரிபொருள் உறையும் நிலை மைனஸ் 47 பாகை செல்சியஸ்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்கை இடைநில்லாமல் எட்டிப் பிடிக்க முயன்ற கதை 2004இல் தொடங்குகிறது. ஏர்பஸ் ஏ340-500 என்ற நான்கு எஞ்சின் விமானம் அந்த ஆண்டு ஜூனில் நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க் நகருக்குப் பறக்கத் தொடங்கியது. 2008இல் இருக்கைகளை நூறாகக் குறைத்து, எல்லாவற்றையும் பிசினஸ் வகுப்பாக மாற்றிப் பார்த்தார்கள். அப்படியும் எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல், 2013 நவம்பரில் சேவை நின்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2018 அக்டோபர் 11 அன்று, இரண்டே எஞ்சின்கள் கொண்ட ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வகை) அதே வழியை மீட்டெடுத்தது. கென்னடிக்கு நேரடிச் சேவை தொடங்கியது பெருந்தொற்றின் நடுவே, 2020 நவம்பரில். பறக்க ஆளில்லாத காலத்தில் உலகின் மிக நீண்ட பயணிகள் சேவையைத் தொடங்கிய துணிவுக்குப் பின்னால் சரக்கு வருமானம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாயிலருகே அமர்ந்து இதை எழுதுகிறேன். நள்ளிரவு கடந்த பிறகே விமானம் கிளம்பும், அப்போது நாள்காட்டியில் வெள்ளிக்கிழமை ஆகியிருக்கும்.

வெள்ளி, முதல் விடியல், பசிபிக்கின் மேல்

இந்த யூஎல்ஆர் வகையில் எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர், சாதாரண ஏ350-900 விமானத்தில் அது 1,41,000 லிட்டர்தான். கூடுதல் தொட்டி எதுவும் பொருத்தாமல், இருக்கும் தொட்டிகளின் குழாய் அமைப்பை மாற்றியே இந்த அளவை எட்டியிருக்கிறார்கள். முழுதாக நிரப்பினால் எரிபொருள் மட்டுமே 130 டன்னைத் தாண்டும், விமானம் மேலெழக்கூடிய அதிகபட்ச எடையோ 280 டன். பாதி எடையைப் போகிற வழியில் எரித்துத் தீர்ப்பதற்காகவே தூக்கிக்கொண்டு கிளம்புகிறோம் என்பது யோசிக்க யோசிக்க விசித்திரமாக இருக்கிறது. எக்கானமி வகுப்பு என்பதே இதில் கிடையாது. பிசினஸில் 67, பிரீமியம் எக்கானமியில் 94, ஆக 161 பேர்தான். ஆள் குறைந்தால் எடை குறையும், எடை குறைந்தால் தூரம் கூடும்.

எடை மிகுந்திருந்ததால் தொடக்கத்தில் 31,000 அடி உயரத்திலேயே பறந்தோம். எரிபொருள் கரையக் கரையச் சில மணி நேரத்திற்கு ஒருமுறை விமானம் இரண்டாயிரம் அடி ஏறிக்கொண்டது. இருக்கைத் திரையில் உயரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தால், எஞ்சியிருக்கும் எரிபொருளை ஊகித்துவிடலாம்.

பிலிப்பைன்ஸ் கடற்பரப்பைக் கடக்கும்போது முதல் விடியல் வந்தது. அதன்பின் ஜப்பானைத் தொட்டும் தொடாமலும் வடகிழக்காகத் திரும்பினோம். இங்கேதான் பாதையின் இரகசியம் இருக்கிறது. ஏறக்குறைய 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் ஜப்பானுக்கு மேலே மிக வலுவாக வீசுகிறது. 1920களில் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற ஆசையில் தம் அறிக்கையை உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார், அதனாலேயே உலகம் அதைப் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் ஜப்பான் ஆயிரக்கணக்கான தீப்பலூன்களை இதே காற்றில் ஏற்றி அமெரிக்காவை நோக்கி அனுப்பியபோதும், மரியானா தீவுகளிலிருந்து டோக்கியோவுக்குப் பறந்த அமெரிக்க விமானிகள் குண்டுகளைக் குறிபார்த்து வீச முடியாமல் திணறியபோதும்தான் அதன் வலிமை பரவலாகத் தெரிந்தது.

சிங்கப்பூரிலிருந்து டோக்கியோ சுமார் 5,350 கிலோமீட்டர், டோக்கியோவிலிருந்து நியூயார்க் சுமார் 10,850 கிலோமீட்டர். ஆக இந்த வழி 16,200 கிலோமீட்டர், அதாவது நேர்வழியைவிட 850 கிலோமீட்டர் அதிகம். காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டு, மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் துருவ வழியே போனால் 17 மணி நேரம் ஆகும். இந்த வழியில் சராசரியாக 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்காற்று கிடைத்தால் பதினாறரை மணி நேரத்தில் போய்விடலாம். ஏற்றம், இறக்கம், ஓடுபாதையில் ஊர்வது எல்லாம் சேர்ந்துதான் அட்டவணையில் பதினெட்டு மணி நேரத்தை ஒட்டிய கணக்காகிறது. பாதையை முடிவு செய்பவர்கள் தினந்தோறும் காற்றின் முன்னறிவிப்பைப் பார்த்துப் புதிதாகக் கோடு போடுகிறார்கள். இந்த இரு நகரங்களுக்கும் இடையே நிலையான சாலை எதுவும் இல்லை.

பக்கத்து இருக்கையில் நியூஜெர்சியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் ஓர் அம்மையார். வெள்ளிக்கிழமை தோறும் விரதம் இருப்பவர். விடியலுக்குப் பின் உணவு வண்டி வந்தபோது பழச்சாறு மட்டும் வாங்கிக்கொண்டு, "தம்பி, இன்னிக்கு எப்போ முடியும்?" என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்டதாக முதலில் நினைத்தேன், பிறகுதான் அதன் கனம் புரிந்தது. சிங்கப்பூர் நள்ளிரவில் பிறந்து நியூயார்க் நள்ளிரவில் முடியும் இந்த வெள்ளிக்கிழமைக்கு 36 மணி நேரம். அதைவிடச் சிக்கல், இன்னும் சில மணி நேரத்தில் பன்னாட்டுத் தேதிக்கோட்டைத் தாண்டியதும் கீழே இருக்கும் கடலுக்கு மீண்டும் வியாழக்கிழமை மாலை வந்துவிடும், அலாஸ்காவின் அருகே அந்த வியாழன் இருட்டி, அதன்பின் இரண்டாவது வெள்ளி விடியும். நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏறினதும் வெள்ளி, இறங்குறதும் வெள்ளி. நடுவுல வர்றத நான் கணக்குல சேர்க்கல" என்று முடித்துவிட்டார். மாத்திரை விஷயத்தில் மட்டும் அவர் இவ்வளவு எளிதாக முடிவெடுக்கவில்லை. மருத்துவர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருபத்துநான்கு மணி நேர இடைவெளியைப் பார்க்கச் சொல்லியிருந்ததால், வீட்டில் காலை எட்டு மணிக்குப் போடுவது அங்கே இரவு எட்டு மணிக்கு ஆகும் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார்.

விமானிகள் நால்வர், முறை வைத்து ஓட்டுகிறார்கள். பயணிகள் கூரைக்கு மேலே அவர்களுக்கும் சிப்பந்திகளுக்கும் படுக்கை அறைகள் உண்டு. பகல் ஏழெட்டு மணி நேரத்திலேயே தீர்ந்து, அலாஸ்காவை நெருங்கும்போது இருட்டிவிட்டது. சூரியனை எதிர்கொண்டு போனால் பகல் இப்படித்தான் சுருங்கும்.

வெள்ளி, இரண்டாம் விடியல், நியூயார்க்

தரையிறங்குவதற்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முன்பு, பெரும் ஏரிகளைத் தாண்டிய பிறகு, இரண்டாவது முறையாக வெள்ளிக்கிழமை விடிந்தது. அந்த அம்மையார் சூரியனைக் கும்பிட்டார், இந்த முறை எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

நான் முள் கடிகாரம் கட்டியிருக்கிறேன். அதை மாற்ற வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. நியூயார்க்கில் கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும் மாதங்களில் இரு நகரங்களுக்கும் இடையே சரியாகப் பன்னிரண்டு மணி நேர வேறுபாடு. நவம்பர் தொடக்கத்தில் இங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அது பதின்மூன்றாகிவிடும். உண்மையில் சூரியனை வைத்துப் பார்த்தால் சிங்கப்பூரின் நேரம் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகவே முன்னே இருக்க வேண்டும். மலேசியா தன் நேரத்தை ஒன்றாக்கியபோது சிங்கப்பூரும் கூடவே அரை மணி நேரம் முன்னே நகர்ந்து, 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி நேரக் கணக்குக்கு வந்தது. எனவே என் கடிகாரத்தின் இந்த வசதியில் புவியியலுக்கு இருக்கும் பங்கைவிட அரசாணைகளுக்கு இருக்கும் பங்கே அதிகம்.

குடிநுழைவு வரிசை நீளமாக இருந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சனி, குவீன்ஸ்

உடலின் உள்கடிகாரம் ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற அளவில்தான் நகரும் என்பார்கள். பன்னிரண்டு மணி நேர வேறுபாடு என்றால், இந்தப் பயணம் முடியும்வரை அது பாதி வழிகூட வராது. சிறிய நேர வேறுபாடுகளில் உடல் பெரும்பாலும் குறுகிய திசையைத் தேர்ந்து முன்னேயோ பின்னேயோ நகரும், பன்னிரண்டில் இரு திசைகளும் சமம் என்பதால் எந்தப் பக்கம் போவது என்று அதற்கே தெரிவதில்லை. வெளிச்சமும் உணவு வேளையும்தான் திசையைத் தீர்மானிக்கின்றன. எனவே அதிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டவன், விடிந்ததும் அறைக்குள் இருக்காமல் வெளியே நடந்தேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை. விமான நிலையம் இருக்கும் அதே குவீன்ஸ் வட்டாரத்தின் ஃபிளஷிங் பகுதியில், பௌன் தெருவில் மகா வல்லப கணபதி கோயில் இருக்கிறது. 1977 ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம் கண்ட கோயில் அது. வேங்கடேசப் பெருமாளுக்கும் அங்கே சன்னிதி உண்டு என்பதால் இன்று கூட்டம். அடித்தளத்தில் உள்ள உணவகத்தில் தோசை சாப்பிட்டேன். வயிறு அதை இரவு உணவாகவே எடுத்துக்கொண்டு உடனே தூக்கத்தைக் கேட்டது. கேட்டதைக் கொடுக்காமல் பூங்காவில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். மருந்துக் கடைகளில் விற்கும் தூக்க மாத்திரைகளைவிட இந்த வெயில் எனக்கு உதவுகிறது என்பது என் எண்ணம், யாருக்கும் பரிந்துரையாகச் சொல்லவில்லை.

திங்கள்

ஞாயிறும் இன்றும் வேலையில் போயின. நேரடி விமானத்திற்கு இவ்வளவு கூடுதலாகச் செலவழிப்பது தகுமா என்று உடன் பணியாற்றுபவர் ஒருவர் கேட்டார். இதே நிறுவனம் ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் இன்னொரு சேவையையும் நடத்துகிறது, அதில் மொத்த நேரம் இருபத்துநான்கு மணி நேரத்தை ஒட்டி வரும். மிச்சமாகும் ஐந்தாறு மணி நேரத்திற்கு ஒருவர் எவ்வளவு விலை தருவார் என்பது அவரவர் முழங்காலையும் வயதையும் பொறுத்தது. வழியில் இறங்கிக் காலாற நடப்பதும் ஒரு சுகம்தான். ஆனால் நடு இரவில் தூக்கத்தைக் கலைத்து, பையைத் தூக்கிக்கொண்டு, மீண்டும் சோதனைக்கு நிற்பதை அந்தச் சுகத்தில் நான் சேர்ப்பதில்லை.

செவ்வாய் இரவு, கென்னடி

விமானத்திற்கு இன்னும் நேரம் இருந்ததால், 1962இல் ஈரோ சாரினென் வடிவமைப்பில் திறக்கப்பட்ட, டீடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தின் பழைய முனையத்தைப் பார்க்கப் போனேன். சிறகு விரித்த பறவையைப் போன்ற அந்தக் கூரை இப்போது ஒரு விடுதியின் முகப்பு. அது கட்டப்பட்ட காலத்தில் இந்த விமான நிலையத்திற்கு ஐடில்வைல்ட் என்று பெயர், கென்னடியின் பெயர் 1963 டிசம்பரில் வந்தது. அன்றைய போயிங் 707 விமானங்களில் அட்லாண்டிக்கைத் தாண்டுவதே பெரிய காரியம். சிங்கப்பூருக்கு இடைநில்லாமல் என்று அங்கே யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

திரும்பும் வழி வேறு. பசிபிக்கின் மேல் வந்த வழியே திரும்பினால், நமக்கு உதவிய அதே காற்று எதிர்காற்றாகிவிடும். அதனால் இன்றிரவும் கிழக்கு நோக்கியே கிளம்புகிறோம் என்று வாயிலில் இருந்த திரை காட்டியது. அட்லாண்டிக், ஐரோப்பா, துருக்கி, காஸ்பியன் கடல், இந்தியா. நியூயார்க்கிலிருந்து இஸ்தான்புல் சுமார் 8,070 கிலோமீட்டர், அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 8,650 கிலோமீட்டர், ஆக 16,700ஐத் தாண்டுகிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு.

புதன், வானில்

போனபோது நீண்டுபோன வெள்ளிக்கிழமைக்கு இன்று ஈடு செய்தாகிறது. நியூயார்க் நள்ளிரவில் தொடங்கி சிங்கப்பூர் நள்ளிரவில் முடிவதால் இந்தப் புதன்கிழமைக்குப் பன்னிரண்டே மணி நேரம். அதன் பகலோ ஏழு மணி நேரம்தான்: அயர்லாந்துக்கு மேற்கே கடலின் மேல் விடிந்து, காஸ்பியன் கடலை எட்டும்போது அஸ்தமித்தது. ஒரு கிழமை முழுவதும் தரையில் கால் படாமலே கழிந்தது.

இந்திய நேரப்படி இரவு பதினொன்று ஆகியிருக்கும்போது கீழே ஊர்களின் விளக்குகள் வரத் தொடங்கின, பின்பு வங்காள விரிகுடாவின் இருட்டு. தெற்கே, திரையின் ஓரத்தில் இலங்கை தெரிந்தது. நீண்ட விமானப் பயணத்தின் வரலாற்றில் அந்தத் தீவுக்கு ஓர் இடம் உண்டு. 1943 முதல் 1945 வரை, சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் இருந்ததால் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்துபோனபோது, குவாண்டாஸ் நிறுவனத்தின் கேட்டலினா நீர்விமானங்கள் பெர்த்திலிருந்து இலங்கையின் காலி நகருக்கு அருகிலுள்ள கொக்கல வாவிக்கு இடைநில்லாமல் பறந்தன. தூரம் சுமார் 5,600 கிலோமீட்டர்தான், நான் இப்போது கடப்பதில் மூன்றில் ஒரு பங்கு. நேரமோ 27 முதல் 33 மணி வரை. பயணிகள் மூவர் மட்டும், எஞ்சிய எடை முழுவதும் பெட்ரோலும் கொஞ்சம் தபாலும். எதிரிக்குத் தெரியாமலிருக்க வானொலியை மௌனமாக்கிவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டார்கள். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைக் கண்ட அந்தப் பயணிகளுக்கு, இரட்டை உதயத்தின் பெயரால் ஒரு சான்றிதழும் கொடுத்தார்களாம். அதே இரட்டை உதயத்தை வெள்ளியன்று நான் சாய்வு நாற்காலியில் படுத்தபடி பார்த்துவிட்டேன், சான்றிதழ் கேட்க வாய் வரவில்லை.

வியாழன், விடியலுக்கு முன், சாங்கி

பதினெட்டரை மணி நேரத்தைத் தாண்டி வந்து சேர்ந்தோம். போகும்போது ஆனதைவிடச் சற்று அதிகம்.

இரு வழிகளும் கிழக்காகவே அமைந்ததால் உலகை ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறேன். சுற்றியதற்கு அத்தாட்சி அந்த இரண்டாவது வெள்ளி விடியல்: நான் இல்லாத நாட்களில் வீட்டில் இருந்தவர்கள் கண்டதைவிட ஒரு சூரிய உதயத்தை அதிகமாகக் கண்டிருக்கிறேன். மெகல்லனின் மாலுமிகளில் எஞ்சியவர்கள் 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளை அடைந்தபோது, அவர்களுடைய நாட்குறிப்பில் புதன்கிழமை, கரையில் வியாழக்கிழமை. மேற்காகச் சுற்றியதால் அவர்களுக்கு ஓர் உதயம் குறைந்திருந்தது. நாட்குறிப்பைத் தவறாமல் எழுதிவந்த பிகாஃபெட்டாவுக்கு அது பெரும் குழப்பத்தைக் கொடுத்தது. தேதிக்கோடு என்ற ஏற்பாடு இருப்பதால் எனக்கு அந்தக் குழப்பம் இல்லை, இன்று வியாழன் என்பதில் கைப்பேசிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஆனால் உலகைச் சுற்றியதாகப் பதிவு செய்ய முடியாது. பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி, உலகைச் சுற்றும் சாதனைப் பயணம் எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடந்து புறப்பட்ட இடத்திற்கே திரும்புவதோடு, கடக ரேகையின் நீளமான 36,787 கிலோமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். என் கணக்கு 33,000ஐக்கூடத் தொடவில்லை. வடக்கே ஏறிக் குறுக்கே வந்துவிட்டதால் நாலாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் துண்டு விழுகிறது, ஏறக்குறைய இங்கிருந்து டெல்லிக்கு இருக்கும் தூரம்.